கரிச்சட்டியும் ஆக்சிஜன் அறையும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 73 வயது. தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பக்கம் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஒரு வருடமாக ஞாபக மறதி. சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சோறு கேட்கிறார். ஆனால் சிலோனிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கிய நாளை நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார். கோவையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையின் சின்ன ரத்தக்குழாய்களில் ஓட்டம் குறைந்திருக்கிறதாம். இந்தக் குளிரில் காலையில் தலைவலியும் குழப்பமும் அதிகம். பத்து மணி வெயில் வந்தால் தெளிந்துவிடுகிறார். மலைக்காற்றில் ஆக்சிஜன் குறைவு, மேட்டுப்பாளையத்துக்குக் குடிமாறுங்கள் என்கிறார் சித்தப்பா. கோவையில் ஒரு மையத்தில், அழுத்தம் ஏற்றிய அறைக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் மூளை பத்து வயது இளமையாகும் என்கிறார்கள். 40 தடவைக்கு ஒன்றேகால் லட்சம். முன்பணம் ஐயாயிரம் கட்டிவிட்டேன். போய்வருவது சிரமம் என்றால் வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் வாங்கிவிடலாமா? விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 93, 94 காட்டுகிறது. குளிர் தாக்கக் கூடாது என்று இரவில் அவர் அறையில் கரிச்சட்டி வைத்து, ஜன்னல் இடுக்கெல்லாம் துணி வைத்து அடைத்துத்தான் படுக்க வைக்கிறோம். கவனிப்பில் எந்தக் குறையும் இல்லை.

– ஒரு மகள், கோத்தகிரி

பதில்: உங்கள் கடிதத்தையும் இணைத்திருந்த ரிப்போர்ட்டுகளையும் மூன்று தடவை படித்தேன் அம்மா. நீங்கள் கேட்டது ஆக்சிஜனைப் பற்றி. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இரண்டு விஷயம், தள்ளிப்போடாமல்.

ஒன்று, அந்தக் கரிச்சட்டி இன்றிரவே அறையை விட்டு வெளியே போகட்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன். காரணம் புரிந்த பிறகு எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: "ஐப்பசியில் ஒருநாள் வாய் கோணி, பேச்சு குழறியது, இருபது நிமிஷத்தில் தானே சரியாகிவிட்டது." அது சரியாகிப் போன விஷயம் இல்லை. மூளைக்குப் போகும் குழாயில் ஒரு ரத்தக்கட்டி வந்து அடைத்து, அதிர்ஷ்டவசமாகக் கரைந்திருக்கிறது. சின்ன பக்கவாதம் என்று சொல்வார்களே, அதுதான். இப்படி ஒன்று வந்தவருக்குப் பெரிய பக்கவாதம் வரும் வாய்ப்பு அடுத்த சில நாட்களில் மிக அதிகம். மூன்று மாதம் வரை பயம் உண்டு. உடனே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். சரி, போனது போகட்டும். இந்த வாரத்துக்குள் ஒரு ஈ.சி.ஜி., கழுத்து ரத்தக்குழாய்க்கு ஒரு டாப்ளர் ஸ்கேன், இரண்டையும் முடித்துவிடுங்கள். இதயம் தாளம் தவறித் துடித்தால் அங்கே கட்டி உருவாகி மூளைக்கு ஏறும். அதற்கு மாத்திரையே வேறு. கழுத்துக் குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தால் அதற்கு வைத்தியம் வேறு. இதையெல்லாம் பார்க்காமல் மூளைக்கு ஆக்சிஜன் ஏற்றுவது, அடைத்த குழாயை விட்டுவிட்டு மேட்டில் இருக்கிற தொட்டியை நிரப்புகிற வேலை. இனி ஒரு தடவை வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. கோத்தகிரியிலிருந்து ஸ்கேன் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரவே அதில் ஒரு பங்கு ஓடிவிடும்.

இப்போது சித்தப்பா சொன்னதைப் பார்ப்போம். அவர் சொன்னதில் பாதி சரி. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் பங்கு இங்கேயும் 21 சதவீதம்தான், மேட்டுப்பாளையத்திலும் அதேதான். காற்றின் அழுத்தம்தான் இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்கு ஆக்சிஜனும் குறைகிறது. அதனால்தான் சமவெளியில் 97, 98 காட்டுகிற மீட்டர் இங்கே 93, 95 என்று காட்டுகிறது. ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு குறையலாம். மலையில் அரை நூற்றாண்டு வாழ்ந்த உடம்பு இதற்குப் பழகிப்போனது. 93 என்பது உங்கள் அப்பாவுக்கு நோயின் எண் இல்லை.

அவருடைய நோயின் எண் வேறொரு தாளில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில், ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் 9.8. அதாவது ரத்தசோகை. இதை யாரும் உங்களிடம் எடுத்துச் சொல்லவில்லையா? ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 14 கிராம் உள்ள ஒருவருக்கு மீட்டர் 93 காட்டினாலும், 100 மில்லி ரத்தத்தில் 17.4 மில்லி ஆக்சிஜன் இருக்கும். உங்கள் அப்பாவுக்கு அதே 93-ல் 12.2 மில்லிதான். மெஷின் வாங்கி மாட்டி 98-க்கு ஏற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 12.9 ஆகும். ஒரு மில்லிகூட ஏறவில்லை. ரத்தசோகை சரியானால் ஐந்து மில்லி ஏறும். ஹீமோகுளோபினை லாரி என்றும் ஆக்சிஜனைச் சரக்கு என்றும் வைத்துக்கொண்டால், மீட்டர் சொல்வது லாரியில் எத்தனை பங்கு சரக்கு ஏறியிருக்கிறது என்பதை மட்டும்தான். எத்தனை லாரி ஓடுகிறது என்று அது சொல்லாது.

இந்த வயதில் ஓர் ஆணுக்கு ரத்தசோகை என்றால் டானிக் வாங்கிக் கொடுத்து முடித்துவிடக் கூடாது. எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பேச்சு குழறிய மறுநாள் மருந்துக்கடையில் கேட்டு ஆஸ்பிரின் ஆரம்பித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பிரின் வயிற்றில் புண் பண்ணி, கண்ணுக்குத் தெரியாமல் ரத்தத்தை வடியவிடும். மலம் தார்போலக் கறுத்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதற்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பக்கவாதத்தின் வாசலில் நிற்கிறவருக்கு அதுவும் ஆபத்து. ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். கூடவே இரும்புச்சத்து, பி12, தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைவு, தைராய்டு குறைவு இரண்டும் மறதி நோய்போல வேஷம் போடும். மருந்து கொடுத்தால் இறங்கிவிடக்கூடியவை.

ரத்தசோகை போனால் மறதி முழுக்கப் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ.யில் பதிந்த தழும்புகள் அப்படியே இருக்கும். ஆனால் இருக்கிற மூளைக்குத் தீனி ஒழுங்காகப் போகும். உடம்பு எடையில் இரண்டு சதவீதம்தான் மூளை. அதுவே நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. சேமிப்பு என்று எதுவும் வைத்துக்கொள்ளாத உறுப்பு அது. ஓட்டம் நின்றால் பத்து விநாடியில் நினைவு போய்விடும்.

சரி, ஒன்றேகால் லட்சத்துக்கு வருவோம்.

அழுத்த அறை ஏமாற்று வித்தை இல்லை. குஞ்சப்பனை தாண்டி இறங்கும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் விடுகிறதே, அதேதான் அந்த அறைக்குள்ளும் நடக்கும், பல மடங்காக. பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்கு அடியில் உள்ள அழுத்தத்தை அறைக்குள் உண்டாக்கி, சுத்த ஆக்சிஜனை மூச்சாகக் கொடுப்பார்கள். அப்போது ஹீமோகுளோபினில் ஏறுவது போக, ரத்த நீரிலேயே ஆக்சிஜன் கரையும். சாதாரணமாக 100 மில்லிக்கு 0.3 மில்லி கரைந்திருக்கும். அங்கே நாலு மில்லிக்கு மேல் போகும். கணக்கில் பொய் இல்லை. ஆழ்கடலில் இருந்து அவசரமாக மேலே வந்து மூட்டு முறுக்கிக்கொண்ட முக்குளிப்பவர்களுக்கும், ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கும், கதிர்வீச்சில் கெட்டுப்போன திசுவுக்கும் இது நல்ல வைத்தியம்.

மூளைக்கு? இந்த ஆசை புதிது இல்லை. 1969-லேயே அமெரிக்காவில் சில முதியவர்களை அழுத்த அறையில் வைத்துப் பார்த்து, ஞாபகசக்தி கூடியதாக எழுதினார்கள். பெரிய பரபரப்பு. 1978-ல் இன்னொரு குழு ஒப்பீட்டுக் குழு வைத்து ஒழுங்காகச் செய்து பார்த்தது. பலன் ஒன்றும் தெரியவில்லை. பேச்சு அடங்கியது. இப்போது மறுபடி கிளம்பியிருப்பதற்குக் காரணம் இஸ்ரேல். 2021-ல் டெல் அவிவ் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், மறதி நோய் உண்டாக்கிய எலிகளின் மூளையில் ரத்தக்குழாய் விரிந்தது, ஓட்டம் கூடியது. கூடவே மறதி உள்ள முதியவர்களுக்கும் மூன்று மாதத்தில் 60 தடவை கொடுத்தார்கள். மூளையின் சில பகுதிகளில் ஓட்டம் 16 முதல் 23 சதவீதம் வரை கூடியது. எத்தனை முதியவர்கள் தெரியுமா? ஆறு பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் கிடையாது. அதற்கு முந்தைய வருடம் 63 பேரை வைத்து அவர்கள் செய்த ஆய்வு இதைவிட நல்லது. கவனமும் வேகமும் கூடியதாக வந்தது. ஆனால் அவர்கள் ஆரோக்கியமான முதியவர்கள். அறைக்குப் போகாத பாதிப் பேர் சும்மா வீட்டில் இருந்தார்கள். மூன்று மாதம் தினமும் கிளம்பிப் போய், நாலு பேரோடு பேசி, நர்ஸ் கவனித்து அனுப்பினாலே முதியவர்கள் கொஞ்சம் தெளிவார்கள். அதில் அந்தக் கவனிப்பின் பங்கு எவ்வளவு, ஆக்சிஜனின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வைக் கொண்டு பிரிக்க முடியாது.

நான் அந்த ஆய்வுகளைக் கேலி செய்யவில்லை. எனக்கே ஆர்வம் உண்டு. நாளைக்குப் பெரிய ஆய்வு ஒன்று வந்து என் வாயை அடைத்தால் சந்தோஷப்படுவேன். ஆறு பேரை வைத்து "மூளை பத்து வயது இளமையாகும்" என்று விற்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தருகிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த அறைக்கு அனுமதி கொடுத்த நோய்களின் பட்டியலில் மறதி நோய் இல்லை.

உங்கள் அப்பாவுக்கென்று சில சிக்கல்களும் உண்டு. முப்பது வருடம் டிரையர் அடுப்புப் பக்கம் நின்றவர், பீடியும் உண்டு என்கிறீர்கள். நுரையீரலில் காற்றுக் குமிழ்கள் இருந்தால் அழுத்தம் இறங்கும்போது வெடித்துவிடலாம். காது சவ்வு கிழியலாம். வலிப்பு வரலாம், அரிதாக. கலங்கிய மனதுள்ள ஒருவரை ஒன்றரை மணி நேரம் ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சுத்த ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஒரு பொறி போதும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் அப்படி ஓர் அறையில் தீப்பிடித்து ஐந்து வயதுச் சிறுவன் இறந்துபோனான். இதற்கெல்லாம் மேலே, போக வர 130 கிலோமீட்டருக்கு மேல், நாற்பது தடவை, கொண்டை ஊசி வளைவுகளில்.

வீட்டு மெஷின் பற்றிச் சுருக்கமாக. மீட்டர் 88-க்குக் கீழே தொடர்ந்து நிற்கும் நுரையீரல் நோயாளிகளுக்கு அது ஆயுளைக் கூட்டும், தினமும் 15 மணி நேரத்துக்கு மேல் போட்டால். 1980, 81-ல் வந்த இரண்டு ஆய்வுகள் அதை நிரூபித்தன. மற்றவர்களுக்குப் பயனில்லை. பக்கவாதம் வந்து படுத்த, ஆக்சிஜன் குறைவில்லாத 8,003 பேருக்குப் பிரிட்டனில் வழக்கமாக ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பீடி பிடிக்கிற வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வேண்டவே வேண்டாம்.

இனி கரிச்சட்டி.

கடிதத்தில் என்னை நிறுத்திய வரி "பத்து மணி வெயில் வந்தால் தெளிந்துவிடுகிறார்" என்பது. மறதி நோயில் பொதுவாகச் சாயங்காலம்தான் குழப்பம் கூடும். காலையில் தலைவலியோடு குழம்பி, வெளியே வந்து சில மணி நேரத்தில் தெளிகிறவரைப் பார்த்தால் அவர் படுத்த அறையைப் பார்க்க வேண்டும். அடைத்த அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. விறகு புகைந்தால் நாமே இருமிக்கொண்டு கதவைத் திறப்போம். புகை அடங்கிச் செக்கச்செவேல் என்று கனல் ஆனதும் "இனி பயமில்லை" என்று உள்ளே தூக்கி வைக்கிறோம். அந்தக் கனல்தான் வினை. இந்த வாயு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். லாரி ஓடும், ஆனால் உள்ளே வேறு சரக்கு. விரல் மீட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது; கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே படிக்கும். நீங்கள் காலையில் மாட்டிப் பார்த்து 94 என்று நிம்மதியாக இருந்திருப்பீர்கள். அறையை விட்டு வெளியே வந்தால் அந்த வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். ஐந்து, ஆறு மணிக்கு எழுந்து திண்ணைக்கு வருகிறவர் பத்து மணிக்குத் தெளிவது கணக்குக்கு ஒத்து வருகிறது.

இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. குன்னூரில் தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு பாட்டிக்கு இரண்டு குளிர்காலம் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தேன். கோடையில் தானாகவே நன்றாக இருப்பார். என் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வருடம் மார்கழியில் எழுந்து வர முடியாமல் வீட்டுக்கே கூப்பிட்டார்கள். போனால் கட்டிலுக்கு அடியில் கனல் சட்டி. பக்கத்தில் படுக்கிற பேத்திக்கும் தலைவலி. அன்றிலிருந்து, குளிர் காலத்தில் தலைவலி என்று யார் வந்தாலும், ராத்திரி அறையில் என்ன எரிகிறது என்று கேட்காமல் நான் பேனாவை எடுப்பதில்லை. அப்பா அறையில் வேறு யாராவது படுக்கிறார்களா? அவர்களுக்கும் தலை கனக்கிறதா? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி மூட்டிப் படுத்த சுற்றுலாக்காரர்கள் காலையில் எழாமலே போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அது ஒரே ராத்திரியில் நடப்பது. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் நடப்பது செய்தியில் வராது.

வேடிக்கை என்னவென்றால், கடுமையான கார்பன் மோனாக்சைடு விஷத்துக்குத்தான் அந்த அழுத்த அறை உண்மையிலேயே பயன்படும். உங்கள் அப்பாவுக்கு அந்த அளவுக்குப் போகாமல் இருக்க, கரிச்சட்டியை வெளியே எடுத்து ஜன்னலைத் திறந்தால் போதும். குளிருக்குக் கம்பளி, குல்லா, சுடுதண்ணீர்ப் பை. பையைத் துணியில் சுற்றி வையுங்கள், மறதி உள்ளவர்களுக்குச் சூடு பட்டாலும் சொல்லத் தெரியாது. கரண்ட் ஹீட்டர் வைத்தாலும் ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு ஏறினால் கத்துகிற பேட்டரி அலாரம் கிடைக்கிறது. சமையலறையில் விறகடுப்பு எரிகிற வீட்டில் ஒன்று வாங்கி மாட்டுவது நல்லது.

கடைசியாக பி.பி. 168/94. "தலை சுத்தினால் மட்டும் மாத்திரை" என்று எழுதியிருக்கிறீர்கள். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த அந்தச் சின்னக் குழாய்களைத் தடிக்க வைத்தது பெரும்பாலும் இதுதான். முடிபோல மெல்லிய குழாய்கள். வருடக்கணக்கில் அழுத்தம் அடித்து அடித்துச் சுவர் தடித்து, விரிந்து சுருங்குகிற தன்மை போய்விடும். பி.பி.யை இறுக்கிப் பிடித்தால் மூளை தப்புமா என்று அமெரிக்காவில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140-க்குக் கீழே என்று விட்டவர்களைவிட, மறதியின் ஆரம்ப நிலை 19 சதவீதம் குறைந்தது. முற்றிய மறதி நோய் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பக்கவாதம் வந்தவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் அதில் சேர்க்கவும் இல்லை. ஆகவே 120 என்று உங்கள் அப்பாவை விரட்ட வேண்டாம். மாத்திரை தினமும் ஒரே நேரத்தில். வாரம் இரண்டு நாள் உட்கார வைத்து ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். நிற்கும்போது இருபது புள்ளி இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தலைச்சுற்றலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பீடியை விட வைப்பது உங்கள் சாமர்த்தியம். தூக்கத்தில் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நிற்கிறதா என்றும் ஒரு ராத்திரி கவனியுங்கள். ராத்திரி முழுக்க மூளைக்கு ஆக்சிஜனை நிறுத்தி நிறுத்திக் கொடுக்கிற வியாதி அது, வைத்தியமும் உண்டு.

மேட்டுப்பாளையம் வேண்டாம். மறதி வந்தவருக்குப் பழகிய வீடுதான் பாதி மூளை. கழிவறை எந்தப் பக்கம் என்று கால் சொல்லும். புது வீட்டில் அதுவும் போய்விடும்.

இன்றிரவு முதல் பத்து நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எழுந்த நேரம், தலைவலி இருந்ததா, உங்கள் பெயரைச் சரியாகச் சொன்னாரா. கரிச்சட்டி இல்லாத பத்து காலை. அந்தத் தாளோடு ஈ.சி.ஜி., டாப்ளர், ரத்த ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து எனக்கு அனுப்பினால் அடுத்து என்ன என்று பேசலாம். முன்பணம் ஐயாயிரத்தை ரசீதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள், ஐயாயிரம் போய்விட்டதே என்பதற்காக மீதியையும் கொண்டுபோய்க் கட்ட வேண்டாம்.